பீரும் குளிர்பானமும்: விற்பனை ஏறுவதும் இறங்குவதும் எதனால்?

ஒரு நாட்டு மக்கள் குடிக்கும் பீரின் அளவும் குளிர்பானத்தின் அளவும் பல பத்தாண்டுகள் ஏறிக்கொண்டே போய், பிறகு ஏன் இறங்கத் தொடங்குகின்றன? பொருளியலாளர்கள், பொதுநல மருத்துவர்கள், சமூகவியலாளர்கள், பான நிறுவனங்கள், நிதியமைச்சகங்கள் என எல்லாத் தரப்பும் இதற்கு விடை சொல்லியிருக்கின்றன. ஒவ்வொரு விடையும் ஒரு நாட்டுக்குப் பொருந்துகிறது. அடுத்த நாட்டில் தடுமாறுகிறது.

இறக்கம் உண்மையானது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. அமெரிக்காவில் தலைக்குக் குடிக்கப்படும் பீர் 1980-களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டது. கோலா முதலிய காற்றேற்றிய குளிர்பானங்கள் 1998 வாக்கில் உச்சம் கண்டன. 2016-இல் புட்டித் தண்ணீர் அவற்றை அளவில் முந்தியது. ஜெர்மனியில் 1980 வாக்கில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 145 லிட்டருக்கும் மேல் இருந்த பீர் நுகர்வு, இன்று 90 லிட்டருக்கும் கீழே வந்துவிட்டது. சீனா 2013-இல் சுமார் 5,000 கோடி லிட்டர் பீர் உற்பத்தி செய்தது; அதன் பிறகு அந்த அளவை எட்டவில்லை. இந்தியாவிலோ இரண்டு பானங்களும் இன்னும் ஏறுமுகத்தில் இருக்கின்றன.

இந்தப் போக்குகளுக்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கங்கள் எங்கிருந்து வந்தன, எதை விளக்குகின்றன, எங்கே தளர்கின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

வருமானம்: ஏறி இறங்கும் வளைவு

மிகப் பழைய விடை வருமானம். கையில் காசு சேரும்போது மக்கள் வீட்டுப் பானத்தை விட்டுக் கடைப் பானத்துக்கு மாறுகிறார்கள். நகரம், குளிர்பெட்டி, சாலை, விளம்பரம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. ஆனால் ஏற்றம் முடிவின்றித் தொடர்வதில்லை. பல நாடுகளின் நீண்டகாலத் தரவுகளை ஆராய்ந்த லீஸ்பெத் கோலன், யோஹான் ஸ்வின்னன் ஆகிய பொருளியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக வைத்தது: வருமானம் உயர உயர பீர் நுகர்வும் உயர்கிறது, ஒரு கட்டத்துக்குப் பின் வருமானம் உயர்ந்தாலும் நுகர்வு குறைகிறது. பீர் நாடுகள் ஒயினுக்கும், ஒயின் நாடுகள் பீருக்கும் ஓரளவு நகர்ந்து, நாடுகளின் பழக்கங்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன என்பதும் இத்துறையில் பலமுறை சொல்லப்பட்ட முடிவு.

இந்த விளக்கத்தின் வலிமை அதன் பரப்பு. சீனாவின் ஏற்றத்தையும் ஜெர்மனியின் இறக்கத்தையும் ஒரே கோட்டில் வைக்க முடிகிறது. அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. செக் குடியரசின் வருமானம் கடந்த 30 ஆண்டுகளில் பல மடங்கு பெருகியும், தலா பீர் நுகர்வில் அந்நாடு உலக முதலிடத்தை விடவில்லை. மேலும், வளைவு நடப்பதை வருணிக்கிறதே தவிர, திருப்பம் ஏன் நேர்கிறது என்று சொல்வதில்லை. வசதி கூடியவர் பீரைக் குறைப்பது உடல்நலம் கருதியா, விலையுயர்ந்த வேறு மதுவுக்கு மாறியா, வயது ஏறியதாலா என்பது திறந்தே கிடக்கிறது.

விலையும் வரியும்

இரண்டாவது விடை நிதியமைச்சகங்களுக்கும் பொதுநல மருத்துவர்களுக்கும் பொதுவானது: விலை ஏறினால் விற்பனை குறையும். எவ்வளவு குறையும் என்பதில்தான் ஆய்வு நடக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து வாகனாரும் சக ஆய்வாளர்களும் 2009-இல் தந்த கணக்குப்படி, விலை 10% ஏறினால் பீர் நுகர்வு 4.6%, வடிமதுக்களின் நுகர்வு 8% குறைகிறது. குளிர்பானத்துக்கு 2010-இல் வெளியான இன்னொரு தொகுப்பாய்வு ஏறத்தாழ 8% என்று மதிப்பிட்டது. அதாவது, பீர் குடிப்பவரைவிடக் குளிர்பானம் குடிப்பவர் விலைக்கு அதிகம் அசைந்து கொடுக்கிறார்.

நடைமுறைச் சோதனைகளும் உண்டு. மெக்சிகோ 2014-இல் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டது. வரி இல்லாதிருந்தால் எதிர்பார்க்கப்பட்டிருக்கும் அளவோடு ஒப்பிட, முதல் ஆண்டில் 5.5%, இரண்டாம் ஆண்டில் 9.7% கொள்முதல் குறைந்தது. ஏழைக் குடும்பங்களில் குறைவு கூடுதலாக இருந்தது. பிலடெல்பியா நகரம் 2017-இல் வரி கொண்டுவந்தபோது நகர எல்லைக்குள் சங்கிலிக் கடைகளில் விற்பனை 51% சரிந்தது. மக்கள் பக்கத்து ஊர்களுக்குப் போய் வாங்கியதைக் கழித்தால் நிகரச் சரிவு 38%.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2016-இல் அறிவித்து 2018-இல் நடைமுறைக்கு வந்த அதன் வரி, 100 மில்லிலிட்டரில் உள்ள சர்க்கரையின் அளவைப் பார்த்து அடுக்கடுக்காக விதிக்கப்பட்டது. 5 கிராமுக்குக் கீழ் இருந்தால் வரி இல்லை. நிறுவனங்கள் வரியைத் தவிர்க்கச் சர்க்கரையைக் குறைத்தன. ஓராண்டு கழித்து அளந்தபோது, வீடுகள் வாங்கிய குளிர்பானத்தின் மொத்த அளவு மாறவில்லை. அந்தப் பானங்கள் வழியாக உள்ளே போன சர்க்கரை ஏறத்தாழ 10% குறைந்திருந்தது. லிட்டரை மட்டும் பார்த்திருந்தால் இந்த வரி தோற்றதாகவே தோன்றியிருக்கும்.

வரி எப்படி எழுதப்படுகிறதோ அப்படியே பானமும் மாறும் என்பதற்கு ஜப்பான் நல்ல சான்று. அங்கே மால்ட் அளவைப் பொறுத்து வரி வேறுபட்டது. 1994 முதல் மால்ட் குறைந்த ‘ஹப்போஷூ’வும், 2000-களின் நடுவிலிருந்து மால்ட்டே இல்லாத ‘மூன்றாம் வகை பீர்’களும் சந்தையை நிறைத்தன. 2020 அக்டோபருக்கு முன் 350 மில்லிலிட்டர் கேன் ஒன்றுக்குப் பீருக்கு 77 யென், ஹப்போஷூவுக்கு 47 யென், மூன்றாம் வகைக்கு 28 யென் வரி. இந்த இடைவெளியைப் படிப்படியாக மூடி 2026 அக்டோபரில் மூன்றுக்கும் 54.25 யென் என்று ஒன்றாக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே ஜப்பானில் பீர் விற்பனை குறைந்தது என்று சொல்லும்போது, எதைப் பீர் என்று கணக்கிட்டார்கள் என்றும் கேட்க வேண்டும்.

விலை விளக்கத்தின் வரம்பு இதுதான்: குறுகிய கால மாற்றத்தை அது நன்றாகச் சொல்கிறது, 30, 40 ஆண்டுப் போக்குக்கு அது போதாது. பெரிய வரி எதுவும் புதிதாக வராத காலத்திலும் அமெரிக்காவில் குளிர்பான அளவு தொடர்ந்து சரிந்தது.

உடல்நல அச்சம்

நாளிதழ்களில் அதிகம் காணப்படும் விளக்கம் இது. சர்க்கரைக்கும் உடற்பருமன், இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு பரவலாகப் பேசப்பட்ட பின் குளிர்பானம் சரிந்தது என்கிறார்கள். 2006-இல் அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து சர்க்கரைப் பானங்களை விலக்க நிறுவனங்களே ஒப்புக்கொண்டன. மதுவைப் பொறுத்தவரை, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. காலப் நிறுவனம் 1939 முதல் நடத்திவரும் கருத்தாய்வில், மது அருந்துவதாகச் சொன்ன அமெரிக்கர்களின் பங்கு 2025-இல் 54%. இதுவரை பதிவானதில் இதுவே மிகக் குறைவு.

இந்த விளக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதன் காலவரிசை எளிதாகப் பொருந்துவதில்லை. அமெரிக்காவில் தலா பீர் நுகர்வு இறங்கத் தொடங்கியது 1980-களில். மதுவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பொதுமக்கள் பேச்சுக்கு வந்ததோ மிகப் பின்னால். குளிர்பானம் சரிந்த அதே ஆண்டுகளில் சர்க்கரையும் காஃபீனும் நிறைந்த ஆற்றல் பானங்கள் வேகமாக வளர்ந்தன. உடல்நலக் கவலை மட்டுமே காரணமானால் இரண்டும் ஒன்றாக இறங்கியிருக்க வேண்டும். கருத்தாய்வில் மக்கள் சொல்வதும் கடையில் அவர்கள் வாங்குவதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதும் தெரிந்த செய்தி.

வயதும் தலைமுறையும்

மக்கள்தொகை ஆய்வாளர்களின் விடை பொறுமையானது. பீரை அதிகம் குடிப்பவர்கள் இளைய ஆண்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை 1970-களில் அந்த வயதில் இருந்தது. அமெரிக்காவில் பீரும் உச்சம் தொட்டது. அவர்கள் நடுவயதை எட்டியதும் விற்பனை தளர்ந்தது. அதே நேரத்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம், மது வாங்கும் வயதை 21 ஆக்குமாறு மாநிலங்களை நெருக்கியது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மக்கள்தொகை முதுமை அடைந்ததும் பீர் குறைந்ததும் உடன் நிகழ்வுகள்.

இங்கே ஒரு புள்ளியியல் சிக்கல் உண்டு. ஒருவருடைய நுகர்வை அவர் வயது, அவர் பிறந்த தலைமுறை, நாம் அளக்கும் ஆண்டு ஆகிய மூன்றும் பாதிக்கின்றன. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாகத் தெரிந்துவிடும் என்பதால், மூன்றின் தனித்தனி விளைவைத் தரவு மட்டும் வைத்துப் பிரித்தெடுக்க இயலாது; ஏதோ ஒன்றைப் பற்றி முன்கூட்டியே ஓர் அனுமானம் தேவை. இன்றைய இளைஞர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள் என்ற கூற்று பல நாடுகளில் சரியாகவே தெரிகிறது. அவர்கள் 40 வயதிலும் அப்படியே இருப்பார்களா என்பது காத்திருந்து காண வேண்டியது.

ஒன்றுக்குப் பதில் மற்றொன்றா?

ஒரு பானம் இறங்கும்போது அந்த இடத்தை எது பிடிக்கிறது? அமெரிக்காவில் பீரின் இடத்தை வடிமதுக்கள் பிடித்தன. 2022-இல் மது விற்பனை வருவாயில் அவை முதல் முறையாகப் பீரை முந்தின. குளிர்பானத்தின் இடத்தைத் தண்ணீரும் ஆற்றல் பானங்களும் பிடித்தன.

பீரும் குளிர்பானமும் ஒன்றுக்கொன்று மாற்றா என்ற கேள்வி அண்மையில் எழுந்தது. சியாட்டில் நகரம் 2018-இல் சர்க்கரைப் பானங்களுக்கு வரி விதித்த பின், வரி இல்லாத போர்ட்லந்தோடு ஒப்பிட அங்கே பீர் விற்பனை சுமார் 7% கூடியதாக ஓர் ஆய்வு சொல்கிறது. பிரிட்டனின் வீட்டுக் கொள்முதல் தரவை வைத்த ஆய்வோ கலவையான விடை தந்தது: எந்த வகைக் குளிர்பானத்தின் விலை ஏறுகிறது என்பதைப் பொறுத்து மதுவகைகளின் கொள்முதல் கூடவும் குறையவும் செய்தது. எனவே இதைத் தீர்ந்த முடிவாகக் கொள்ள முடியாது.

இன்னும் பழைய, இந்தியாவுக்கு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி ஒன்று உண்டு: பீரை எளிதாகக் கிடைக்கச் செய்தால் மக்கள் வடிமதுவை விடுவார்களா? பின்லாந்து 1969-இல் நடுத்தர வலுவுள்ள பீரை மளிகைக் கடைகளில் விற்க அனுமதித்தது. மக்கள் மென்மையான மதுவுக்கு மாறுவார்கள் என்ற எதிர்பார்ப்பு அதன் பின்னால் இருந்தது. ஒரே ஆண்டில் நாட்டின் மொத்த ஆல்கஹால் நுகர்வு 46% கூடியது. பழைய குடி குறையாமல் புதிய குடி அதன்மேல் சேர்ந்தது. அண்டை நாடான சுவீடன் 1965-இல் அனுமதித்த நடுத்தர பீரை 1977-இல் மளிகைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. இந்த அனுபவங்கள் எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் மாற்றுப் பானம் என்ற வாதத்தை வைப்பவர்கள் இவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கடையும் சட்டமும்: இந்திய அனுபவம்

மேலே கண்ட விளக்கங்கள் பெரும்பாலும் வாங்குபவரின் விருப்பத்தில் தொடங்குகின்றன. இந்தியாவில் விற்பனையைத் தீர்மானிப்பதில் அரசுக்கும் கடைக்கும் உள்ள பங்கு மிகப் பெரிது. மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் நாடு முழுமைக்கும் ஒரே சந்தை கிடையாது. குஜராத்திலும் 2016 முதல் பிகாரிலும் மதுவிலக்கு. தமிழ்நாட்டில் 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்தது. எந்த பிராண்டு, என்ன விலை, எத்தனை கடை என்பவை அரசு முடிவுகள். தெலங்கானாவில் 2025 ஜனவரியில், கொள்முதல் விலை பல ஆண்டுகளாக உயர்த்தப்படவில்லை என்று நாட்டின் மிகப் பெரிய பீர் நிறுவனம் வழங்கலை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதம் அரசு பீர் விலையை 15% உயர்த்தியது. இத்தகைய மாதங்களின் விற்பனையிலிருந்து மக்களின் நாட்டத்தை ஊகிப்பது தவறாகும்.

இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ‘ஸ்ட்ராங்’ எனப்படும், 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் கொண்ட வகை. பல மாநிலங்களில் வரி ஆல்கஹால் அளவை மட்டும் வைத்து விதிக்கப்படுவதில்லை. அதனால் ஒரே அளவு போதைக்குப் பீர் வழியாக அதிகம் செலவழிக்க வேண்டியிருக்கிறது, மக்கள் பிராந்தி, விஸ்கிக்கோ வலுவான பீருக்கோ போகிறார்கள் என்பது பீர் நிறுவனங்களின் நீண்டநாள் வாதம். ஆல்கஹால் அளவுக்கேற்ற வரி என்ற கோரிக்கையில் நியாயம் உண்டு. பீரை மட்டும் மலிவாக்கும் கோரிக்கை வேறு; அதற்கு பின்லாந்தின் அனுபவம் எச்சரிக்கை.

குளிர்பானத்தின் கதையிலும் அரசியல் ஆழமாக இருக்கிறது. 1977-இல் கோகோ கோலா வெளியேறியதால் தம்ஸ் அப், கேம்பா கோலா போன்றவை வளர்ந்தன. 1993-இல் அது திரும்பி வந்து தம்ஸ் அப் முதலிய பெயர்களை வாங்கியது. 2003-இல் பூச்சிக்கொல்லி எச்சம் பற்றிய ஆய்வறிக்கை விற்பனையை உலுக்கியது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து 2017 மார்ச்சில் தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் பெப்சி, கோக் விற்பதில்லை என்று முடிவெடுத்தன. காளிமார்க் பொவண்டோ போன்ற உள்ளூர்ப் பானங்கள் கடைகளில் முன்வரிசைக்கு வந்தன. 2023-இல் ரிலையன்ஸ் கேம்பாவைக் குறைந்த விலையில் மீண்டும் இறக்கியது. 2025 கோடையில் பல பகுதிகளில் முன்னதாகவே மழை பெய்ததால் குளிர்பான நிறுவனங்களின் அளவு குறைந்தது. இவற்றில் எதுவும் வருமான வளைவிலோ விலைக் கணக்கிலோ அடங்காது.

வரியின் வடிவமும் கவனிக்கத்தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் காற்றேற்றிய குளிர்பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40%. சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் அதே 40%. சர்க்கரை நிறைந்த, ஆனால் காற்றேற்றாத மாம்பழச்சாறு பானத்துக்கோ 5%. பிரிட்டனின் வரியோடு ஒப்பிட்டால், நம் வரி சர்க்கரையைக் குறைக்கும் நிறுவனத்துக்கு எந்தச் சலுகையும் தரவில்லை என்பது புலப்படும்.

எதை அளக்கிறோம்?

எல்லா விளக்கங்களுக்கும் அடியில் ஓர் அளவைச் சிக்கல் இருக்கிறது. ஜெர்மனியின் அதிகாரப்பூர்வக் கணக்குப்படி 2023-இல் பீர் விற்பனை சுமார் 840 கோடி லிட்டர். 1993-ஐவிட ஏறத்தாழ 25% குறைவு. அந்தக் கணக்கில் ஆல்கஹால் இல்லாத பீர் சேர்வதில்லை. அதன் உற்பத்தியோ 2013 முதல் 2023 வரை இரு மடங்குக்கும் மேலாகியிருக்கிறது. அளவும் மதிப்பும் எதிர்த்திசையில் போவதும் உண்டு: அமெரிக்காவில் லிட்டர் குறைந்த ஆண்டுகளில், சிறிய கேன்களையும் கூடிய விலையையும் கொண்டு குளிர்பான நிறுவனங்கள் வருவாயைப் பெருக்கின. அதே நாட்டில் 1970-களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவாக இருந்த பீர் ஆலைகள் இன்று 9,000-ஐத் தாண்டிவிட்டன. தலா நுகர்வோ இறங்கியிருக்கிறது.

சராசரியும் ஏமாற்றும். பிரெஞ்சு மக்கள்தொகை ஆய்வாளர் சல்லி லெடர்மான் 1956-இல், ஒரு சமூகத்தின் சராசரி நுகர்வுக்கும் அங்குள்ள மிதமிஞ்சிய குடிக்கும் உறுதியான தொடர்பு உண்டு என்றார். அவருடைய கணிதம் பின்னர் கடுமையாக விமர்சிக்கப்பட்டாலும், நார்வேயின் ஓலே-யோர்கன் ஸ்கோக் 1985-இல் அதன் சாரத்தைச் சமூகவியல் அடிப்படையில் மீட்டெடுத்தார்: மனிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் குடிப்பதால் எல்லாத் தட்டினரும் சேர்ந்தே ஏறி இறங்குகிறார்கள். மறுபுறம், அதிகம் குடிக்கும் 10% பேரே நாட்டின் மொத்த ஆல்கஹாலில் பாதிக்கும் மேல் குடிக்கிறார்கள் என்று அமெரிக்கப் பொருளியலாளர் பிலிப் குக் காட்டினார். விற்பனை 5% குறைந்தால், மிதமாகக் குடித்தவர்கள் விட்டுவிட்டார்களா, மிதமிஞ்சிக் குடித்தவர்கள் குறைத்தார்களா என்பதை மொத்தக் கணக்கு சொல்லாது. மருத்துவமனைகளுக்கும் குடும்பங்களுக்கும் இந்த வேறுபாடுதான் முக்கியம்.

மதிப்பீடு

கிடைத்துள்ள சான்றுகளைத் தொகுத்தால் சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வருமானமும் வயதும் பல பத்தாண்டுப் போக்கை வடிவமைக்கின்றன. விலையும் வரியும் சில ஆண்டுகளுக்குள் தெரியும் மாற்றங்களைச் செய்கின்றன; வரி எதன்மீது விழுகிறதோ அதுவே குறைகிறது. உடல்நல அச்சம் ஏற்கனவே தொடங்கிய சரிவை விரைவுபடுத்தியிருக்கலாம். அதைத் தொடங்கிவைத்தது என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. அரசே விற்பனையாளராக இருக்கும் இடத்தில் சட்டமும் வழங்கலும் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடக்கூடும்.

திறந்தே நிற்கும் கேள்விகள் மூன்று. இன்றைய இளந்தலைமுறையின் விலகல் நிலைக்குமா? குளிர்பான வரி மக்களை மதுவின் பக்கம் தள்ளுகிறதா? செல்வம் பெருகும்போது இந்தியாவும் அதே வளைவில் போகுமா, அல்லது வடிமதுவை முதன்மையாகக் கொண்ட நாடாகவே நீடிக்குமா?

மூன்றாவது கேள்வியை ஆராய நம்மிடம் தரவு போதாது. டாஸ்மாக் பற்றிய பொது விவாதம் ஆண்டுதோறும் ரூபாயில்தான் நடக்கிறது: 2024-25-இல் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். விலையையும் வரியையும் உயர்த்தினாலே இந்தத் தொகை ஏறிவிடும். மக்கள் கூடுதலாகக் குடித்தார்களா என்பது அதில் தெரியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் விற்ற பீர், வடிமது ஆகியவற்றின் லிட்டரையும், அவற்றில் அடங்கிய தூய ஆல்கஹாலின் அளவையும் மாநில அரசுகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். குளிர்பான நிறுவனங்கள் தாங்கள் விற்ற மொத்தச் சர்க்கரையின் அளவை அறிவிக்குமாறு மத்திய அரசு விதி செய்ய வேண்டும். இந்த இரண்டு கணக்குகளும் கைக்கு வரும்வரை, மதுவைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் நாம் வகுக்கும் கொள்கைகள் வருவாயைக் காக்கும் கொள்கைகளாகவே இருக்கும். மக்களைக் காக்கும் கொள்கைகளாக மாறா.